மடித்துக் கொடுத்த மீன்

டாக்கோ என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை ஸார். மக்காச்சோள ரொட்டியை மடித்து உள்ளே எதையாவது வைத்தால் டாக்கோ. மெக்ஸிகோவில் பாஹா கலிஃபோர்னியா பக்கம், என்ஸெனாடா, ஸான் ஃபெலிப்பே போன்ற கடலோர ஊர்களில் மீனை வைத்துக் கொடுப்பார்கள். ஸான் ஃபெலிப்பேயில் அதைத் தின்று கிறங்கிப்போன ரால்ஃப் ரூபியோ என்ற அமெரிக்கர், 1983-ல் ஸான் டியேகோவில் கடை போட்டார். அப்புறம் ஊரே மீனை மடித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

நான் இருப்பது அந்த ஸான் டியேகோவில். ரூம்மேட் தூத்துக்குடிக்காரன், மீன் விஷயத்தில் சுப்ரீம் கோர்ட். இங்கே கிடைக்கும் காட் மீனைப் பார்த்து, "ஏல, இது மீனா? சோப்புக் கட்டில்லா!" என்று தீர்ப்புச் சொன்னவன். அவனைக் கம்பெனியில் தூக்கி 41 நாள் ஆகியிருந்தது. ஹெச்-1பி விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் கெடு. அதற்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் மூட்டை முடிச்சு. பயல் ரூமைவிட்டு வருவதில்லை. தயிர் சாதம்கூடப் பாதியில் நிற்கும்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரைக் கிலோ காட் வாங்கி வந்து, கத்தியை அவன் கையில் கொடுத்து, "எனக்கு மீன் வெட்ட வராது, நீ வெட்டு" என்றேன். (நன்றாகவே வரும்.)

விரல் நீளத்துக்கு வெட்டினான். உப்பு, சீரகத்தூள், பூண்டு, எலுமிச்சை, அவன் அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள். மிளகாயே மெக்ஸிகோ பக்கத்திலிருந்து கிளம்பி, போர்ச்சுகீசியர் கப்பலில் நம்மூருக்கு வந்ததுதான். நானூறு வருஷத்துக்கு மேல் கழித்து, தூத்துக்குடிப் பார்சலில் பிறந்த வீட்டு வாசல்வரை வந்திருக்கிறது!

மாவுக்கு ஒரு கப் மைதா, அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், உப்பு, ஒரு கப் பீர். பீர் ஆகாதவர்கள் சோடா ஊற்றலாம். எதுவானாலும் சில்லென்று இருக்கவேண்டும். குளிர்ச்சியில் மைதா ஜவ்வாகாது; காஸ் குமிழிகள் சூடான எண்ணெயில் விரிந்து மேல்தோல் மொறமொறக்கும். மீனைத் துடைத்து, வறட்டு மைதாவில் புரட்டி, அப்புறம் முக்கிப் போடவேண்டும்.

ஆனால் டாக்கோவின் உயிர் முட்டைக்கோஸில் இருக்கிறது. நூல் நூலாக நறுக்கி, உப்புப் பிசறிப் பத்து நிமிஷம் வைத்தால் தண்ணீர் விடும். அதைப் பிழியாவிட்டால் ரொட்டி சொதசொத. "நல்லா பிழிடா" என்றேன். எந்த மேனேஜரை நினைத்துக்கொண்டானோ, கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர். அதில் எலுமிச்சை, வெங்காயம், கொத்தமல்லி. மேலே ஊற்ற மயோனைஸும் கெட்டித் தயிரும் சரிபாதி.

ரொட்டியை எண்ணெயில்லாமல் தோசைக்கல்லில் வாட்டினோம். சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறிய சோளத்துக்கு ஒரு மண்வாசனை உண்டு. கோதுமை ரொட்டியிலும் செய்கிறார்கள். அது சப்பாத்தி ரோல், நான் மதிப்பதில்லை.

முதல் இரண்டைப் பேசாமல் தின்றான். மூன்றாவதில், "மீன் சுமார்தான். கோஸு இருக்கு பாரு, கோஸு!" என்றான். ஐந்தாவதில்தான் வாயைத் திறந்தான்.

"அப்பாட்ட இன்னும் சொல்லலடா. தங்கச்சி கல்யாணக் கடன் பாதி அப்படியே நிக்கி."

நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். ஊரில் சனிக்கிழமை காலை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "அம்மா, மொளகாப்பொடி தீரப் போவுது..." என்று ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் சும்மா நின்றான். அப்புறம், "அப்பா இருக்காவளா?" என்று கேட்டபடி பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மீதி மாவில் வெங்காயத்தை முக்கிப் போட்டேன். ஒரு தட்டு நிறைய வந்தது. அவன் திரும்பி வருவதற்குள் ஆறிப்போயிருந்தது. இருந்தும் தின்றான்.