ஃபீனிக்ஸ் பே வரை ஒரு நெடுஞ்சாலை

அமெரிக்கா சென்ற நம்மவர் எழுதும் கடிதங்களில் அந்நாட்டு நெடுஞ்சாலைகளைப் பற்றிய வியப்புத் தவறாமல் இடம்பெறும். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெருகிய அச்சாலைகள் மாநிலங்களை ஒன்றோடொன்று இணைக்கின்றன. அந்தமானில் வாழும் நமக்கும் ஒரு தேசிய நெடுஞ்சாலை உண்டு. அதன் எண் 4. ஆனால் அது எந்த மாநிலத்தையும் சென்று தொடுவதில்லை. எத்திசையில் சென்றாலும் முடிவில் கடலே எதிர்ப்படும். வடக்கே திக்லிப்பூரிலிருந்து வரும் அச்சாலையின் வழியாக, ஃபெரார்கஞ்சிலிருந்து ஃபீனிக்ஸ் பே துறைக்கு நாங்கள் சென்ற சிறு பயணத்தை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ரங்கத்திலிருந்து வந்த பேருந்தில் நண்பகலில் ஏறினோம். இருபுறமும் பாக்கும் தென்னையும் அடர்ந்து நிழல் தந்தன. துஷ்னாபாத்தைக் கடந்தபின் ஹம்ஃப்ரிகஞ்ச் வந்தது. நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியது 1943 டிசம்பர் 30. சரியாக ஒரு திங்கள் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஒற்றர்கள் என்ற ஐயத்தின்பேரில் 44 இந்தியரை ஜப்பானியப் படையினர் இங்கே சுட்டுக் கொன்றனர். தியாகிகளின் நினைவிடம் இருக்கும் இவ்வூரைப் பேருந்து சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. உடன் வரும் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சொல்ல அச்சில நிமிடங்கள் போதும்.

அடுத்து சிப்பிகாட். 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அன்று புகுந்த கடல்நீர் இங்கிருந்த வயல்களை விட்டு முழுதும் அகலவில்லை. நெல் விளைந்த இடத்தில் இன்று கொக்கும் நாரையும் இரை தேடுகின்றன. காண்பவர்க்கு அழகிய காட்சிதான். உழுதவர்க்கோ அது இழந்த நிலம்.

எங்கள் அருகில் ரங்கத்து மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். கண் மருத்துவத்திற்காக நகரின் பெரிய மருத்துவமனைக்குச் செல்கிறாராம், விடியுமுன் புறப்பட்டவர். அவர் வந்த வழி ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவுவது. அக்காப்பகத்தினுள் செல்லும் சாலைப் பகுதிகளை மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும் போக்குவரத்து நிற்கவில்லை. வண்டிகள் காவலுடன் அணியாகச் செல்கின்றன. இடையில் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது.

“சாலையை அடைத்துவிட்டால் உங்களுக்குத் துன்பமாயிற்றே, பாட்டி?” என்று கேட்டோம்.

“துன்பந்தான், ஐயா. ஆனால் அது அவர்கள் வீடு அல்லவா? பிறர் வீட்டின் நடுவே போகிறோம் என்று ஒவ்வொரு முறையும் கூசுகிறது. எனக்குக் கண் தெரிய வேண்டும், அதனால் போகிறேன்” என்றார் அவர். நாங்கள் மறுமொழி கூறவில்லை.

கராச்சரமாவைத் தாண்டியதும் நகரத்தின் சாயல் தென்பட்டது. ஜங்லிகாட்டை நெருங்குகையில் கடைகளிலும் தெருவிலும் தமிழ் ஒலித்தது. 2011 கணக்கின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழே தாய்மொழி. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று. பேருந்தில் இருந்தவர்களோ பழைய பெயரைச் சொல்லியே பயணச்சீட்டு வாங்கினர்.

பேருந்தைவிட்டு இறங்கி, மூதாட்டியை மருத்துவமனைக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஃபீனிக்ஸ் பே துறைக்கு நடந்தோம். கப்பல் பழுது பார்க்கும் துறையும் பயணிகள் ஏறும் மேடையும் அடுத்தடுத்து உள்ளன. சென்னைக் கப்பல் சிறிது தொலைவிலுள்ள ஹாடோவில் நிற்கும். தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் இங்கிருந்தே புறப்படுகின்றன. ரங்கத்துக்கும் திக்லிப்பூருக்கும்கூட இங்கே கப்பல் உண்டு; பாராடாங்கிற்கும் 2017-இல் கடல்வழி திறக்கப்பட்டது.

ஆகவே நம் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும் விருந்தினரை வடக்கே அழைத்துச் செல்வதாயின், கடல்வழியை முதலில் நாடுவோம். நேரம் கூடலாம், அலை சற்றே வருத்தலாம். காட்டுச்சாலையை, நோயுற்றோரும் வேறு வழியற்றோரும் கூச்சத்தோடு கடந்து போகட்டும். வேடிக்கைக்காக அதில் செல்லும் வண்டி ஒன்று குறைந்தாலும், ஒரு வீட்டின் அமைதி அவ்வளவுக்குக் காக்கப்படும்.