குமிழின் எல்லை

1972இல் வந்த 'பாங்', 1976இல் வந்த 'பிரேக்அவுட்' இரண்டையும் ஆடியது ஒரு திருகு குமிழால். 1977இல் அடாரி வீட்டு டி.வி.க்கென்று விற்ற பெட்டியோடும் இந்தக் குமிழ்கள் வந்தன. பேடில் என்பார்கள். உள்ளே இருப்பது, நம் ரேடியோ மெக்கானிக் 'வால்யூம் கன்ட்ரோல்' என்று சொல்கிற அதே சமாசாரம்தான்.

அந்தப் பேடிலை நான் தொட்டதில்லை. இன்று தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு, அடாரிப் பெட்டியைக் கம்ப்யூட்டருக்குள் போலி செய்கிற 'ஸ்டெல்லா' என்ற புரோகிராமில், மவுஸை வைத்துப் பிரேக்அவுட் ஆடுகிறேன். பந்து வருகிறது, மட்டை நகர்கிறது. கை மட்டும் எதையோ தேடுகிறது. அது தேடுவது எங்கள் வீட்டு வால்வு ரேடியோவின் குமிழை. இலங்கை வானொலி எவ்வளவு சத்தத்தில் பாடும் என்பது இருட்டிலும் விரலுக்குத் தெரியும். இரண்டு கோடியிலும் குமிழ் முட்டி நிற்கும். அந்த முட்டலிலிருந்து விரல் கணக்கு வைத்துக்கொள்ளும்.

மவுஸுக்கு ஸ்தானம் கிடையாது. எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொல்லும். மட்டை திரையோரத்தில் முட்டி நின்ற பிறகும் கை மேஜைமேல் போய்க்கொண்டிருக்கிறது. திரும்பும்போது கையின் இடம் ஒன்று, மட்டையின் இடம் ஒன்று. பிறகு கண்தான் கதி. இத்தனைக்கும், அறுபதுகளில் எங்கெல்பார்ட் குழு செய்த முதல் மவுஸின் சக்கரங்களோடு பிணைத்திருந்ததும் இந்த வால்யூம் கன்ட்ரோல் ஜாதிதான்.

யாப்பைத் தளை, விலங்கு என்றே பேசிப் பழகிவிட்டோம். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றில் முட்டி நிற்கும். காதுக்கு அங்கே இடம் தெரிந்துவிடும். கும்பகோணத்துப் பிச்சமூர்த்தியும், பிறகு 1959இல் தொடங்கிய 'எழுத்து'வும் அந்த முட்டலைக் கழற்றியது சரிதான். அதற்கப்புறம் எல்லை வெளியிலிருந்து கிடைக்காது. ஒவ்வொரு கவிதையும் தன் சுவரைத் தானே எழுப்பியாக வேண்டும். நாம் எழுதுகிறவற்றில் பல நன்றாகவே நகர்கின்றன. எங்கே நிற்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரிவதில்லை.

மவுஸின் இருபுறமும் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்துப் பார்த்தேன். அவற்றின் இடைவெளியைத் திரையின் அகலத்தோடு பொருத்த, மவுஸின் வேகத்தைப் பலமுறை கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. பொருந்திய பிறகு, மட்டையைப் பார்க்காமல் பந்தை மட்டும் பார்த்து ஆட முடிகிறது.