கதவு சாத்தியாச்சா?

பாலக்காட்டில் ஆடிக் காற்றுக்கு அறிமுகம் தேவையில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் கணவாய் வழியே அது புகுந்துவரும்போது முதலில் பதில் சொல்பவை கதவுகள்தான்.

நகரின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அதே கதை. மாடிப்படியின் தீத்தடுப்புக் கதவு 'டமார் டமார்' என்று அடித்துக்கொள்ள, தூக்கம் கெட்ட மூன்றாம் மாடிப் பாட்டி ஒரு ரோஜாத் தொட்டியை முட்டுக் கொடுத்துவிட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலைக்கு வந்த தச்சர்தான் கேட்டார்: "ஏம்பாட்டி, தீப்பிடிச்சா இந்தத் தொட்டி எந்திரிச்சுப் போய் கதவைச் சாத்துமா?"

சிரித்துவிட்டுப் போகும் கேள்வி அல்ல. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2022 ஜனவரி 9 அன்று 19 மாடிக் கட்டடம் ஒன்றில் மின்சார ஹீட்டரால் தீப்பிடித்தது. நெருப்பு அந்த வீட்டையும் அதையொட்டிய நடையையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் தானாக மூடவேண்டிய கதவுகள் மூடவில்லை. புகை படிக்கட்டில் ஏறியது. இறந்தவர்கள் 17 பேர். அவர்களில் 8 பேர் குழந்தைகள்.

குடியிருப்போர் சங்கம் கூடியது. கதவுக்குள்ளேயே மறைந்திருக்கும் 'குளோஸர்' போடலாம் என்றார் செயலாளர். பார்வைக்கு அழகு; குழந்தைகள் பிடித்துத் தொங்கக் கை இல்லை. தச்சர் தலையாட்டவில்லை. அதைப் பதிக்கக் கதவைக் குடைய வேண்டும். குடைந்த இடத்தில் தீ சுலபமாகப் புகும். எனவே அந்த ரகக் கதவோடு சேர்த்துத் தீச்சோதனையில் தேறிய குளோஸர்தான் வேண்டும், சூட்டில் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டையும் வேண்டும் என்றார். வெறும் சங்கிலியும் ஸ்பிரிங்கும் கொண்டது அடித்துச் சாத்தும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதே நிதானமாக மூடும். ஐரோப்பியத் தரவிதிப்படி தீத்தடுப்புக் கதவுக்குக் குறைந்தது 3-ம் எண் விசை தேவை. கணவாய்க் காற்றுக்கு விசையைக் கூட்டிக்கொள்ளும் வசதியும் இருப்பது நல்லது. இடுக்கியில், தேவிகுளம் பக்கம் வேலை பார்க்கும் அவர் மச்சானுக்கு வேறு தொல்லை: குளிரில் எண்ணெய் இறுகிக் கதவு சோம்பல்படும்.

"மறைஞ்சிருக்கறதுல ஒரு வம்பு, சார். பழுதும் மறைஞ்சே இருக்கும்" என்றார். மாதம் ஒருமுறை கதவை ஒரு சாண் திறந்து விட்டுப் பார்க்கவேண்டும். தாழ் தானாக விழவேண்டும்.

குளோஸர் வந்தது. தொட்டி பால்கனிக்குப் போனது. பாட்டி இப்போதெல்லாம் அந்த 'க்ளிக்' சத்தம் காதில் விழுந்த பிறகுதான் படுக்கிறார்.