வராத சங்கு

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டன. அங்கே பூமிக்கடியில் வேலை பார்த்த என் அப்பா இன்றும் முதல் ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்துக்குச் சற்று முன்பே எழுந்து, கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுகிறார். "எதுக்குப்பா?" என்றால், "ஒடம்பு எழுந்துக்குது, நான் இன்னா பண்றது?" என்பார்.

சமீபத்தில் மொழிபெயர்க்க வந்த ஒரு கட்டுரை அவரை நினைவுபடுத்தியது. எங்கள் ஊர்க்காரர்கள் பிழைப்புக்குத் தினமும் ரயிலேறிப் போகும் அதே பெங்களூரில், என்.சி.பி.எஸ். ஆய்வகத்தில், வத்சலா திருமலையின் குழு நடத்திய ஆய்வு அது. 2024ல் வெளியானது. ஆராயப்பட்டவை ஸீப்ரா மீன் குஞ்சுகள். வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கிறோமே, கோடு போட்ட சின்ன மீன், அதன் குஞ்சுகள்தான்.

பிறந்து சில நாட்களே ஆன குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். நரம்பணு தூண்டப்படும்போது அதற்குள் கால்சியம் பெருகும். கால்சியம் ஒட்டிக்கொண்டால் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தை மரபணு வழியாக முன்பே புகுத்திவிடுகிறார்கள். (ஒளிரும் பகுதி ஜெல்லி மீனிடம் கடன் வாங்கியது.) எந்த அணு எப்போது விழித்தது என்று மைக்ராஸ்கோப்பில் தனித்தனியாகப் பார்க்கலாம்.

கண்ணெதிரே கோடுகள் நகர்ந்தால் மீன் நீந்தும். அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சிறுமூளையில் உள்ள பர்கின்ஜி அணுக்களில் சில, அடுத்த காட்சியை எதிர்நோக்கிச் செயல்பட்டன. மீனும் சீக்கிரமே நீந்தத் தொடங்கியது.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். 'எதிர்பார்ப்பு' என்று எழுதலாம். ஆனால் எம்.ஏ. தமிழ் படித்த மூளை இடித்தது: அந்தச் சொல்லில் ஆசையும் கலந்திருக்கிறதே? மீனின் ஆசையை யார் பார்த்தார்கள்? கருவிக்குத் தெரிவது கால்சியம் மட்டும்தான். அதுவும் தாமதமான சேதி. நரம்பணுவின் மின்துடிப்பு ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடியில் முடிந்துவிடும். பச்சை வெளிச்சம் அதற்குப் பிறகும் தயங்கி நிற்கும். அதனால் 'முன்கணிப்பு' என்று ஜாக்கிரதையாக எழுதி, அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"மீனு கணக்கா போடுது? காத்துக்கினு இருக்குதுன்னு எழுதும்மா."

'காத்திருந்தன' என்று திருத்தி அனுப்பினேன். ஆசிரியர் பழையபடி 'முன்கணிப்பு' ஆக்கிவிட்டார். அறிவியல் கட்டுரையில் உருக்கம் கூடாதாம். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் அச்சான பக்கத்தை அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை.