இருட்டறைக்கு ஒரு கடிகாரம்

எம் பங்கின் இளைஞர் இருவர் ஒரு பழைய பண்டக அறையை, ஃபிலிம் கழுவும் இருட்டறையாக மாற்றியுள்ளனர். “சாமி, என்ன கடிகாரம் வாங்கலாம்?” என்று கேட்டனர். கைப்பேசியே போதும் என்பது ஒருவன் கருத்து. முட்கள் ஒளிரும் கடிகாரம் வேண்டும் என்பது மற்றவன் கருத்து. எனக்கோ 1986-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அப்போது நான் பள்ளி மாணவன். விடுமுறையில் மாமாவின் ஸ்டூடியோவில் உதவிக்கு நிற்பேன். கும்மிருட்டில் சுருளின் இரு முனைகளையும் பற்றி, தட்டிலுள்ள டெவலப்பரில் தோயுமாறு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். குறித்த நிமிடத்தில் மணியடிக்கும் சாவிக் கடிகாரம் ஒன்று அருகில் இருக்கும். அன்று நிமிடத்தைக் குறித்தேன். சாவி கொடுக்க மறந்தேன். மணி அடிக்கவில்லை. நேரம் கடந்துவிட்டதோ என்ற அச்சத்தில், வெளியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க முழங்கையால் கதவை விரலளவு தள்ளினேன். சுருள் முழுவதும் கறுத்துப்போயிற்று.

அதில் ஒரு முதியவரின் படம் இருந்தது. படமெடுத்த மறுநாளே அவர் இறந்துபோனார். வேறு படம் அவருக்கு இல்லை. அவர் மனைவி வந்தபோது, “தப்பு எங்களோடதும்மா” என்று மாமா கைகூப்பினார். அந்த அம்மையார் சினக்கவில்லை. “முகத்துல ஒரு ஓரமாச்சும் தெரியுதா தம்பி?” என்று என்னைத்தான் கேட்டார்.

மூடிய தொட்டியில் கழுவுவோர் விளக்கை ஏற்றி எந்தக் கடிகாரத்தையும் பார்க்கலாம். இவ்விளைஞர்களோ பெரிய கேமராவின் தனித்தனி ஃபிலிம்களைத் திறந்த தட்டில் கழுவுகின்றனர். அச்சுத்தாளுக்குச் செவ்விளக்கு பகையன்று. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்கோ எவ்வொளியும் பகையே. கைப்பேசித் திரை அதைக் கெடுத்துவிடும். ஒளிரும் முள்ளும் அருகிலிருந்தால் கெடுக்கலாம். ஆகவே இருட்டறைக் கடிகாரம் கண்ணுக்கன்று, காதுக்கே உரியது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், அச்சிடுகையில் இசைப்பயிற்சிக்குரிய மெட்ரோனோமின் ஒலியைக் கொண்டே நொடிகளை எண்ணினார். கண்ணும் கையும் படத்தின்மீதே இருந்தன.

திருகினால் ஓடி, மணியடித்து நிற்கும் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வாங்கச் சொன்னேன். முதலில் இறுதிவரை திருகி, பின்பே வேண்டிய நிமிடத்திற்குத் திருப்ப வேண்டும். விளக்கை அணைக்குமுன் அது ஓடும் ஒலியைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். கழுவும் நேரம் வெப்பத்தைப் பொறுத்தது. 20 டிகிரிக்குச் சொல்லப்பட்ட நேரம் நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தாது. ஆதலால் ஒரு வெப்பமானியும் வாங்கினர்.

முதல் நாள் நானும் உள்ளே நின்றேன். விளக்கு அணைந்தது. கடிகாரம் ஓடும் ஒலி மட்டும் கேட்டது. மணியடிக்கும்வரை எவர் கையும் கதவை நாடவில்லை.