ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர்?

நவராத்திரி வந்துவிட்டால் சென்னையில் கொலுப் பேச்சோடு எல்.கே.ஜி. பேச்சும் தொடங்கிவிடும். அடுத்த ஜூனில் சேரப்போகும் பிள்ளைக்குப் பல தனியார் பள்ளிகள் மழைக்காலத்திலேயே விண்ணப்பம் கொடுக்க ஆரம்பிக்கின்றன. அதனால் வெற்றிலை பாக்கு வாங்க வந்த இடத்தில் மூன்று வயதுக் குழந்தையின் எதிர்காலம் அலசப்படும். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடியிருப்பில் இந்தப் பேச்சு கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும்.

"அங்க வருஷா வருஷம் நூறு பர்சன்ட் ரிசல்ட்க்கா. மேக்ஸ்ல மட்டும் எத்தனை சென்டம்னு பேனரே வச்சிருக்காங்க."

"ரிசல்ட் இப்ப எங்கதான் வரலை? இங்க கிரவுடு நல்லா இருக்கும்ப்பா. டாக்டர் வீட்டுப் பசங்க, ஐ.டி.ல பெரிய போஸ்ட்ல இருக்கறவங்க பசங்கதான் வருவாங்க. நாளைக்கு எங்க படிச்சேன்னு கேட்டா சொல்லிக்கிற மாதிரி ஒரு பேர் வேணாமா? நீங்க சொல்லுங்க டீச்சர்."

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்குப் பின்னால் இருப்பது பயம். ஆங்கிலம் தடுமாறியதால் நேர்முகத் தேர்வில் தோற்ற அப்பா, பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்ட அம்மா, தங்கள் பிள்ளைக்கு அது நேரக்கூடாது என்று நகையை அடகு வைத்து டெர்ம் ஃபீஸ் கட்டுகிறார்கள். பேர் பெற்ற பள்ளி சிலவற்றை உண்மையிலேயே தருகிறது. கூச்சமில்லாத ஆங்கிலமும், பெரிய இடங்களைக் கண்டு மிரளாத துணிச்சலும், பின்னாளில் கைகொடுக்கும் பழக்க வழக்கமும் அங்கே கிடைக்கின்றன. அதை மறுத்தால் பொய் சொன்னவளாவேன். ஆனால் பள்ளிக்குப் பேர் எப்படி வருகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில், பெற்றோர் கேட்க மறக்கும் ஒரு கணக்கை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் புதுப் பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். கையில் டி.சி., கூடவே தலை குனிந்தபடி அம்மாவோ அப்பாவோ. "வேற ஸ்கூல் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க டீச்சர்." எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்தப் பாதுகாப்பு முடிகிற இடம் ஒன்பதாம் வகுப்பு. பொதுத்தேர்வில் மானத்தை வாங்கிவிடுவான் என்று சந்தேகம் வருகிற பிள்ளையின் பெற்றோரை அங்கேதான் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

அப்படி வந்த ஒரு பையன் இன்னும் கண்ணில் நிற்கிறான். நகரத்தில் நல்ல பேர் உள்ள பள்ளியிலிருந்து வந்தவன். முதல் வாரம் கரும்பலகைக்குக் கூப்பிட்டு அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலே இருந்த ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு என்றான். கீழே இருந்த இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து என்றான். ஐந்தில் இரண்டு! அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துபோகுமா என்று கேட்டேன். விழித்தான். ஐந்தாம் வகுப்பில் விட்ட இடம் அது. அதற்குப் பிறகு வந்த இயற்கணிதம் முழுவதையும் அந்தப் பள்ளத்தின் மேல்தான் கட்டியிருந்தார்கள். இத்தனை வருஷம் அவன் நோட்டில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பள்ளம் எங்கே என்று தேடவில்லை. ஒரு தாளை மடித்து ஆறு பாகமாக்கி, அரை என்றால் மூன்று பாகம், மூன்றில் ஒன்று என்றால் இரண்டு பாகம் என்று அவன் கையாலேயே எண்ண வைத்தேன். அரையாண்டுத் தேர்வுக்குள் வகுப்போடு வந்து சேர்ந்துவிட்டான். பத்தாம் வகுப்பும் தேறினான்.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. நூறு சதவீதத் தேர்ச்சி என்பதும் ஒரு பின்னம்தான். தேறியவர்கள் தொகுதி, எழுதியவர்கள் பகுதி. பேனரைப் பார்க்கிற நாம் தொகுதியையே பார்க்கிறோம். பகுதியிலிருந்து யாரையெல்லாம் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள் என்று கேட்பதில்லை. அந்தப் பையனை எடுத்துவிட்டதால் அவனுடைய பழைய பள்ளிக்கு நூறு சதவீதம். அவனைப் போன்றவர்களை வாங்கிக்கொண்டதால் எங்கள் பள்ளிக்குத் தொண்ணூற்றுச் சொச்சம். ஊர் எந்தப் பள்ளியை நல்ல பள்ளி என்றது என்று சொல்லவேண்டியதில்லை.

மதிப்பெண்ணால் வருகிற பேர் தேர்வு விதி மாறினால் மாறிவிடும் என்பதற்கு நாமக்கல்லைப் பார்த்தால் போதும். தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு 2007-இல் எடுத்தது. அதன்பின் பத்து வருஷம் மருத்துவ இடம் கிடைப்பதும் கிடைக்காததும் பிளஸ் டூ மதிப்பெண்ணின் கையில் இருந்தது. லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தெற்கு மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். விடியலுக்கு முன் எழுப்பிப் படிக்க வைப்பதையும், பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுவதையும் பெருமையாகப் பேசினோம். 2017-இல் மருத்துவத்துக்கான நுழைவுத்தேர்வாக நீட் வந்தது. புத்தகத்தை வரிக்கு வரி ஒப்பிக்கிற திறமை அங்கே பலிக்கவில்லை. அதே வளாகங்களில் நீட் பயிற்சிப் பலகை ஏறியது. 'மெட்ரிக்' என்ற பேருக்கு இருந்த மவுசும் இப்படித்தான் போனது. மெட்ரிக்குக்கும் அரசுப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி 2011-இல் பத்தாம் வகுப்புவரை முழுவதுமாக வந்ததும், அதுவரை மெட்ரிக் என்று பெருமையாகச் சொன்னவர்கள் சி.பி.எஸ்.இ. தேடிப் போனார்கள். ஒரு பள்ளியின் வாத்தியார்களும் வகுப்பறையும் அப்படியே இருக்க, பேர் மட்டும் ஏறும், இறங்கும்.

அரசும் இந்தப் பந்தயத்தைத் தணிக்கப் பார்த்தது. 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதிப்பதைத் தடுக்க 2018 மார்ச்சில் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். பட்டியல் நின்றாலும் பேனர் நிற்கவில்லை. வாங்குகிறவர்கள் நாம் இருக்கிறோமே!

அடுத்தது 'நல்ல கிரவுடு'. இதை நான் நேராகவே பேச விரும்புகிறேன். பிள்ளை யாரோடு உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் பாதிப் பேர் பணம் கட்டுகிறார்கள். யாரோடு உட்காரக் கூடாது என்பதும் அதில் அடக்கம். சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். இருந்தும் 'சும்மா பேசத்தான் கூப்பிட்டாங்க' என்று அப்பாவும் அம்மாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறார்கள். தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்குக் கொடு என்று அதே சட்டம் சொன்னபோது, 'அப்ப ஸ்டாண்டர்டு என்னாகும்?' என்று கவலைப்பட்டவர்களை எனக்குத் தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் மகளின் வாய்ப்பாடு மறந்துபோகாது. என் வகுப்பில் ஆட்டோ ஓட்டுநர் மகனும் வங்கி மேலாளர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்ததை வருஷக்கணக்கில் பார்த்தவள் நான். தன்னைப் போன்றவர்களை மட்டுமே பார்த்து வளர்கிற பிள்ளைக்குத்தான் பின்னால் திணறல்.

அப்படியானால் எதைப் பார்த்துச் சேர்ப்பது என்று கேட்பவர்களிடம் நான் சில காரியங்கள் செய்யச் சொல்கிறேன். விளம்பரத் தாளை வைத்துவிட்டு, அந்தப் பள்ளியில் படிக்கிற பக்கத்துவீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். தப்புக்குப் பக்கத்தில் வெறும் பெருக்கல் குறி இருக்கிறதா, இல்லை எந்த வரியில் தவறியது என்று வட்டமிட்டு ஒரு வார்த்தை எழுதியிருக்கிறதா? வட்டம் இருந்தால் அங்கே வாத்தியார் இருக்கிறார். மூன்றாம் வகுப்பு டீச்சர் எத்தனை வருஷமாக அங்கே வேலை செய்கிறார் என்று விசாரியுங்கள். வருஷத்துக்கு ஒருவர் மாறினால், நாம் கட்டுகிற பணம் அவர் சம்பளத்துக்குப் போகவில்லை என்று பொருள். காலை ஆறரைக்கு வேனில் ஏறித் தூங்கி வழிகிற தூரமா என்றும் பாருங்கள். கடைசியாக, எட்டாம் வகுப்பில் எத்தனை பேர், ஒன்பதில் எத்தனை பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் என்று அலுவலகத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்கிற தனியார் பள்ளிகளும் உண்டு, அரசுப் பள்ளிகளும் உண்டு. எந்தப் பள்ளியாக இருந்தாலும், நம் பிள்ளை முதல் ராங்க் வாங்கும் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். என்றாவது ஒரு வருஷம் அதற்கு உடம்பு முடியாமல் போகலாம், வீட்டில் கஷ்டம் வரலாம், ஒரு பாடம் மட்டும் தலையில் ஏறாமல் நிற்கலாம். அந்த வருஷமும் அதைத் தன் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுமா அந்தப் பள்ளி என்று கேட்ட பிறகு சேர்த்துவிடுங்கள்.