நிலத்தின் பறை

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றை எண்ணிச் செல்லும் தொல்காப்பியர், அவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறார். மலைநிலமாகிய குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, கடற்கரையாகிய நெய்தலுக்கு மீன்கோட்பறை, வயல் சூழ்ந்த மருதத்துக்கு நெல்லரிகிணை எனப் பின்வந்த இலக்கண நூலார் விரித்துரைப்பர். உணவும் மரமும் நிலத்துக்கு நிலம் வேறுபடுதல் இயல்பு. பறை ஏன் வேறுபட வேண்டும்? தினைப்புனம் காப்போர்க்கும் வலை இழுப்போர்க்கும் தொழில் வேறு. ஆதலின் அவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் ஒலியும் வேறாயிற்று.

அரசனுடைய முரசோ இவற்றின் வேறானது. முரசறைவோன் யானைமீது அமர்ந்து, விழாச் செய்தியையும் போர்ச் செய்தியையும் தெருத்தோறும் அறிவிப்பான். மக்கள் கேட்பர், மறுமொழி கூற அவர்க்கு வழியில்லை. முரசு மேலிருந்து வருவது; பறை மக்களிடையே எழுவது. வானொலியின் வரலாற்றைக் கற்போர், இவ்வேறுபாட்டை அங்கும் காணலாம்.

இந்திய நாட்டில் வானொலி முதலில் ஒலித்த நகரங்களுள் சென்னையும் ஒன்று. 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தார் ஒலிபரப்பைத் தொடங்கினர். பொருள்முட்டுப்பாட்டால் அக்கழகம் நிலைபெறவில்லை. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றுக்கொண்டது. பின்னர், 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. இவற்றால் விளைந்த நன்மை சிறிதன்று. 1960களில் ‘ஆடுதுறை 27’ என்னும் குறுகிய கால நெல் வெளிவந்தபோது, அதனைப் பயிரிடும் முறையைத் தஞ்சை மாவட்ட உழவர்க்குத் திருச்சி வானொலி எடுத்துரைத்தது. உழவர்கள் அந்நெல்லின் எண்ணை நினைவிற் கொள்ளவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றே அதனை வழங்கலாயினர். முரசு நல்லதையே அறிவித்தது. ஆயினும் அது முரசே.

கேட்பவர் வாய்திறந்தால் என்ன நிகழும் என்பதைப் புனே நகர வானொலி 1956இல் ஆராய்ந்து பார்த்தது. யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு, 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பெற்றன. ஊரார் ஏறக்குறைய இருபதின்மர் ஓரிடத்தில் கூடி உழவு நிகழ்ச்சியைக் கேட்பர். கேட்டவுடன் கலைந்து செல்லாமல், அங்கேயே அமர்ந்து அதைப் பற்றி உரையாடுவர். தீராத ஐயங்களை நிலையத்துக்கு எழுதுவர். விடை வானொலி வழியே வரும். இம்முயற்சியை ஆராய்ந்த பால் நியூரத் என்னும் அறிஞர் கண்ட உண்மை வியப்புக்குரியது. மன்றங்கள் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு நன்கு வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து, மன்றம் இல்லாத ஊர்களிலோ அவ்வளர்ச்சி மிகச் சிறிதாகவே இருந்தது. பெட்டி ஒன்றே, நிகழ்ச்சியும் ஒன்றே. பயனில் வேறுபாட்டை உண்டாக்கியது உரையாடலேயாகும்.

இத்துணை தெளிவாகக் கண்ட பின்னரும், ஒலிபரப்பும் உரிமை ஊராரிடம் வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. வான்வெளியில் செல்லும் அலைகள் பொதுமக்களின் உடைமை என்று உச்சநீதிமன்றம் 1995ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீர்ப்பளித்தது. 2002இன் இறுதியில் கல்வி நிலையங்களுக்கு இசைவு கிட்டியது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை 2006இல்தான் வழங்கப்பெற்றது.

அவ்வுரிமைக்காக நெடுங்காலம் காத்திருந்தவர் சிலர். இப்போது தெலங்கானாவில் உள்ள சகீராபாத்து வட்டாரத்தில், தக்காண வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஏழை உழவுப் பெண்கள், தங்களுக்கென ஒரு வானொலி வேண்டும் என்றனர். அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட குலத்தினர், எழுத்தறியாதார். ‘ஊருக்கு ஊர் வானொலி கேட்கிறதே, உங்களுக்கு எதற்குத் தனி வானொலி?’ என்று எவரும் வினவக்கூடும். அப்பெண்கள் விளைவித்தவை கேழ்வரகும் தினையும் சோளமும் ஆகிய வானம் பார்த்த பயிர்கள். அவர்கள் பேசியது அவ்வட்டாரத்துத் தெலுங்கு. நகரத்து நிலையங்கள் அப்பயிர்களைப் பற்றியும் பேசுவதில்லை, அம்மொழியிலும் பேசுவதில்லை. 1990களின் இறுதியிலேயே அவர்கள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யத் தொடங்கினர். ஒலிபரப்ப உரிமையின்றிப் பத்தாண்டு கழிந்தது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாளன்று ‘சங்கம் வானொலி’ மாச்சனூரிலிருந்து ஒலிக்கலாயிற்று. நெய்தல் நிலத்திலும் இத்தகைய பறை ஒன்று உண்டு. பாம்பனில் 2016இல் தொடங்கப்பெற்ற ‘கடல் ஓசை’, அலையின் உயரத்தையும் காற்றின் விரைவையும் மீனவர்க்கு அவர்தம் மொழியிலேயே சொல்லி வருகிறது.

இனிக் குறிஞ்சி நிலத்துக்கு வருவோர் பழனி மலைத்தொடரைக் காண்க. கொடைக்கானலில் இருந்து ஒலிக்கும் அகில இந்திய வானொலியின் ‘கோடைப் பண்பலை’யை மதுரை, திண்டுக்கல், தேனி மாவட்டத்தாரும் அவற்றுக்கு அப்பாலுள்ளாரும் கேட்கின்றனர். (பண்பலை என்பது பண்பு, அலை என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. அதில் ‘பண்’ என்னும் இசைச் சொல்லும் ஒளிந்து நிற்பது தற்செயலே எனினும் இனிது.) இவ்வகை அலை ஒளியைப் போன்று ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்லும், ஆதலால் மலையுச்சியிற் கோபுரம் நிறுவினால் சமவெளி முழுதும் கேட்கும். சமுதாய வானொலிக்கோ 100 வாட்டு ஆற்றலும் 30 மீட்டர் உயரக் கோபுரமுமே வரம்பு. சமவெளியில் அது சில கல் தொலைவு எட்டும். மலைநாட்டில் குறுக்கே ஒரு முகடு எழுந்தால், அதன் பின்புறத்துப் பள்ளத்தாக்கில் ஒலி அவிந்துவிடும். மலைமக்களின் வானொலிக்கு மலையே தடையாவது வருந்தத்தக்கது.

கொடைக்கானலை அடுத்துள்ள அட்டுவம்பட்டி அத்தகைய மலையூர்களுள் ஒன்று. 1984இல் தோற்றுவிக்கப்பெற்ற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்குள்ளது. கல்வியும் கழனியும் அருகருகே அமைந்த அவ்வூரில், ஓர் ஒலிவாங்கியை நடுவில் வைத்து மக்கள் அமர்ந்தால் பேசுதற்குப் பொருள் குறையாது. மலைப்பூண்டு ஒன்றே போதும். ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்தை ஒட்டியும் நவம்பரை ஒட்டியும் அதனை நடுவர். ஓராண்டு வரை கெடாமல் இருக்கும் இயல்பும் மருத்துவக் குணமும் அதற்கு உண்டு. கந்தகச் சேர்மங்கள் அதில் மிகுந்திருத்தலை ஆய்வாளர் காட்டினர். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறையார் அதன்பொருட்டு முயன்றனர். கந்தகத்தின் அளவைக் கருவி சொல்லும். அடுத்த பருவத்துக்கு எந்தப் பூண்டை விதைக்கு நிறுத்த வேண்டும், எந்தப் பனிக்கு எந்தச் சரிவு தாங்கும் என்பவற்றைப் பயிரிட்டவர்தாம் சொல்ல வேண்டும்.

உரையாடல் இல்லாமையால் வரும் கேட்டுக்கும் இம்மலையிலேயே சான்று உண்டு. கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் விருப்பாச்சி வாழை பெயர்பெற்றது. 1970களில் முடிக்கொத்து நோய் பரவி அத்தோட்டங்களை அழித்தது. இந்நோயை அசுவினி என்னும் சிறு பூச்சி மரத்துக்கு மரம் கொண்டு செல்லும். நோயுற்ற மரத்தை வேரோடு களைவதன்றி வேறு மருந்தில்லை. ஒருவர் களைந்து, அடுத்த தோட்டத்தார் வாளாவிருந்தால் களைந்தவர் உழைப்பு வீண். சரிவு முழுதும் ஒரே காலத்தில் களைதல் வேண்டும். அதற்கு ஒருவர் சொல்லைப் பிறர் கேட்க வேண்டும். பிற்காலத்தில் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உண்டாக்கி, அவ்வாழையை அறிஞர் மீட்டனர்; எனினும் இடையிற் சென்ற ஆண்டுகள் உழவருக்கு மீளவில்லை.

பொதுநலச் செய்திகளும் அத்தகையனவே. கோடையில் வரும் கூட்டத்தால் நேரும் தண்ணீர்த் தட்டுப்பாடு, தோட்டத்தில் இறங்கும் காட்டுமாடு ஆகியவை தலைநகரத்து வானொலிக்குச் சிறியனவாகத் தோன்றலாம். கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளிப்பட்டமையால் 2001இல் மூடப்பெற்றது. அங்கு உழைத்தோர் ஓர் உடன்பாட்டை அடைந்தது 2016இல். அப்பதினைந்து ஆண்டுகளும் அவர்கள் தங்கள் நோயைத் தாங்களே ஊர் ஊராகச் சென்று சொல்லிக்கொண்டிருந்தனர்.

இம்மலையில் குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. பளியருள் முதியோர், அது பூத்த தடவைகளை எண்ணித் தம் அகவையைக் கணக்கிட்டனர் என்பர். 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும். ஐந்து பூப்புகளைக் கண்ட மூதாட்டி ஒருவரின் எதிரே மாணவி ஒருத்தி பதிவுக்கருவியுடன் அமர்கிறாள் என்று கொள்க. எழுதி வைத்த வினாக்களை அவள் மடித்து வைத்துவிட்டு, “பாட்டி, முதற்பூப்பின்போது இந்தச் சரிவில் என்ன பயிர் நின்றது?” என்று கேட்கலாம்.